மதுரையிலிருந்து ராலிக்கு: இடது இருக்கையில் தொடங்குங்கள்

"அண்ணே, ராலி டிரைவர் ஆகணும். எந்தக் கார் வாங்கலாம்?" பழங்காநத்தத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பையன்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். சமீப காலமாகப் பெண் பிள்ளைகளும் கேட்கிறார்கள், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் பதில், இப்போது கார் வாங்காதீர்கள் என்பதுதான். இரண்டாவது பதிலைக் கேட்டால் பலருக்கு முகம் வாடிவிடும்: முதல் இரண்டு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடாமல் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம். கோவைப் பையனுக்குச் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. தெருவுக்கு ஒரு பழைய ராலிக்காரர், ராலிக் கார் கட்டத் தெரிந்த பட்டறைகள், இதைப் புரிந்துகொள்ளும் அப்பாக்கள் இருக்கிறார்கள். நம் நாட்டின் முதல் ஃபார்முலா 1 டிரைவர் நரேன் கார்த்திகேயனின் அப்பாவே ராலியில் தேசியச் சாம்பியனாக இருந்தவர். சென்னைக்காரருக்கு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் இருக்கிறது. மதுரையில் இது எதுவும் கிடையாது. 1911-ல் டிவிஎஸ் பிறந்த ஊர், வண்டி வாகனம் நம் ரத்தத்தில் உண்டு, ஆனால் பந்தயச் சூழல் இல்லை. ஆகவே நாம் அந்தச் சூழலுக்குள் நுழைய ஒரு கதவு வேண்டும். காசு குறைவாகக் கேட்கும் கதவு, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் நேவிகேட்டரின் இருக்கை. இப்படி வந்து உச்சத்துக்குப் போனவர்களும் உண்டு. உலக ராலி சாம்பியன்ஷிப்பில் ஒரு போட்டியை வென்ற முதல் பெண் மிஷேல் மூத்தோன், 1981-ல் இத்தாலியின் சான்ரெமோவில் வென்றார். அவர் ராலிக்குள் வந்தது நேவிகேட்டராகத்தான். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வுக்குப் பன்னிரண்டு வருஷம் தலைவராக இருந்த ஜான் டோட் என்பவரும் நேவிகேட்டர் இருக்கையில் நோட்டுப் புத்தகம் பிடித்து வந்தவர்தான்.

ராலி என்றால் என்ன என்பதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேன். இதில் பத்து கார் ஒன்றாகப் புறப்பட்டு முட்டி மோதுவது கிடையாது. ஒன்று அல்லது இரண்டு நிமிஷ இடைவெளியில் ஒவ்வொரு காராக அனுப்புவார்கள். பொதுப் போக்குவரத்தை முழுசாக நிறுத்திய பாதையில் ஓட்டும் பகுதிக்கு ஸ்பெஷல் ஸ்டேஜ் என்று பெயர். அங்கே எடுக்கும் நேரம்தான் கணக்கு. ஒரு ஸ்டேஜிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சாலையில் சாதாரண வண்டிபோல் சிக்னலுக்கு நின்று, விதிப்படி போகவேண்டும். நடுவே டைம் கன்ட்ரோல்கள் என்ற நேரச் சோதனை இடங்கள் வரும். சொன்ன நிமிஷத்தில் அங்கே நேர அட்டையை நீட்டவேண்டும். உலக விதிப்படி ஒரு நிமிஷம் தாமதமானால் 10 விநாடி தண்டனை, ஒரு நிமிஷம் சீக்கிரம் போனால் 60 விநாடி தண்டனை. அவசரக்காரனுக்கு இந்த விளையாட்டில் என்ன மரியாதை என்று இதிலேயே தெரியும்.

முதல் படி: கடிகாரம்

டிஎஸ்டி என்று ஒரு வகை ராலி உண்டு. நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்குப் போட்டு ஓட்டுவது. வேகமே கிடையாது. சாதாரண சாலையில், சாதாரண காரில், குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு. "இந்த இடத்திலிருந்து சராசரி மணிக்கு 36 கிலோமீட்டரில் போ" என்று, வழியைக் குறித்துத் தரும் ரோடு புக்கில் இருக்கும். வழியில் எங்கே சோதிப்பார்கள் என்று சொல்லமாட்டார்கள். சீக்கிரம் போனாலும் தண்டனை, தாமதித்தாலும் தண்டனை.

கணக்கு எளிது. 3600-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி என்று வந்துவிடும். 36-க்கு 100 விநாடி, 40-க்கு 90, 45-க்கு 80. இந்த மூன்றையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்யுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பரை ஓட்டச் சொல்லி, அழகர்கோவில் சாலையில் சராசரி 36 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் எத்தனை விநாடி முன்னே பின்னே இருக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். கோயில் வாசலில் ஐந்து விநாடிக்குள் வந்து நின்றால் நல்ல தொடக்கம்.

என் முதல் டிஎஸ்டியில் நான் விட்ட கோட்டையை நீங்கள் விடக்கூடாது. உங்கள் காரின் மீட்டர் காட்டும் தூரமும், போட்டி நடத்துகிறவர்கள் அளந்த தூரமும் ஒன்றாக இருக்காது. டயர் தேய்ந்திருந்தாலே வித்தியாசம் வரும். அதனால் தொடக்கத்தில் ஒரு அளவைத் தூரம் கொடுப்பார்கள். அவர்கள் 10 கிலோமீட்டர் என்று சொன்ன இடத்தில் என் மீட்டர் 10.3 காட்டியது. சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிட்டேன். 20 கிலோமீட்டரில் அது 600 மீட்டர் ஆகிறது. 36 வேகத்தில் 600 மீட்டர் என்றால் முழுசாக ஒரு நிமிஷம். டிரைவர் அவ்வளவு நன்றாக ஓட்டியும் என் சோம்பலால் நாங்கள் பட்டியலின் அடிக்குப் போனோம். அன்று இரவு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டாம் படி: கொடைக்கானல் பஸ்ஸும் ஒரு குயர் நோட்டும்

ராலியின் உயிர் பேஸ் நோட்ஸ். போட்டிக்கு முன்பு ரெக்கி என்று, சாதாரண காரில், கட்டுப்பாடான வேகத்தில், ஸ்டேஜை இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்க்க விடுவார்கள். முதல் தடவை டிரைவர் ஒவ்வொரு வளைவையும் வாயால் சொல்ல, நேவிகேட்டர் எழுதுவார். அடுத்த தடவை நேவிகேட்டர் வாசிக்க, டிரைவர் திருத்துவார். போட்டி நாளில் புழுதிக்குள் எதுவும் தெரியாதபோது டிரைவர் நம்புவது இந்தக் காகிதத்தை மட்டும்தான்.

வளைவுகளுக்கு எண் கொடுப்பது வழக்கம். பெரும்பாலானவர்கள் 1 முதல் 6 வரை வைத்துக்கொள்கிறார்கள். 1 என்றால் மிக மெதுவான, குறுகிய வளைவு. 6 என்றால் கால் எடுக்காமலே போகலாம். கொண்டை ஊசிக்குத் தனிச் சொல். நடுவே வரும் எண்கள் அடுத்த வளைவு வரைக்கும் உள்ள மீட்டர். ஒரு வரி இப்படி இருக்கும்: "ரைட் 4 நீளம், 80, மேடு, லெஃப்ட் 2 இறுகும், உள்ளே கல்."

இதைப் பழக காரும் வேண்டாம், காட்டுப் பாதையும் வேண்டாம். ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறுங்கள். முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும்படி முன் வரிசையில் இடம் பிடியுங்கள், அதற்காக இரண்டு பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை. வத்தலக்குண்டு தாண்டி மலைச்சாலை தொடங்கியதும் நோட்டைத் திறந்து ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டுக்கொண்டே வாருங்கள். இறங்கும்போது அதே பாதைக்கு வேறு நோட்டு வேண்டும், ஏனென்றால் எதிர்த் திசையில் இறுகும் வளைவு விரியும் வளைவாகிவிடும். மூன்றாவது பயணத்தில் எழுதாமல், முன்பு எழுதியதை வாய்க்குள் வாசியுங்கள். பஸ் ஒரு வளைவுக்குள் நுழையும்போது உங்கள் வாய் அடுத்த வளைவைச் சொல்லி முடித்திருக்கவேண்டும். ரொம்ப முன்னால் சொன்னால் டிரைவர் மறந்துவிடுவார், பின்னால் சொன்னால் சொல்லியே பயனில்லை.

இதில் ஒரு மறைமுகத் தேர்வும் இருக்கிறது. வளையும் வண்டியில் குனிந்து படித்தால் பலருக்கு வாந்தி வரும். எனக்கும் வந்தது. வெறும் வயிற்றில் போகாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலையைக் குனியாமல் நோட்டை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துப் படியுங்கள். ஐந்தாறு பயணத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடுகிறது.

மொழி பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாங்கள் ஆசையாக முழுசும் தமிழில் நோட் எழுதினோம். "இடம்", "வலம்" என்று வைத்தோம். இன்ஜின் சத்தத்தில் இரண்டுக்கும் கடைசி எழுத்துதான் காதில் விழுந்தது, இரண்டும் "ம்". உடனே "லெஃப்ட்", "ரைட்" என்று மாற்றினோம். இன்னொன்று இதைவிட ஆபத்து. வளைவின் உள்பக்கம் கல் இருந்தால் அங்கே வெட்டித் திரும்பக்கூடாது. அதற்கு "வெட்டாதே" என்று எழுதியிருந்தேன். தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில்தான் வருகிறது. "தே" காதில் விழாவிட்டால் மிச்சம் "வெட்டு" மாதிரியே கேட்கும். அதற்குப் பிறகு எங்கள் நோட்டில் "ஆதே" என்று முடியும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. "உள்ளே கல்", "வெளியே பள்ளம்" என்று இருப்பதைச் சொல்வோம். மூணு, நாலு, அஞ்சு எல்லாம் தமிழிலேயே நன்றாகக் காதில் விழுகின்றன, அவற்றை மாற்ற வேண்டியதில்லை. ஒரு டிரைவரோடு சேர்ந்தால் முதல் வேலையாக இந்தச் சொற்பட்டியலை இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

நேவிகேட்டர் வேலையைப் படிக்கட்டாக மட்டும் நினைக்காதீர்கள். காசர்கோட்டுக்காரரான மூசா ஷெரீப், ராலி டிரைவர் கௌரவ் கில்லோடு இடது இருக்கையில் அமர்ந்து தேசியப் பட்டங்களை வென்றவர். வாழ்நாள் முழுவதும் அந்த இருக்கையிலேயே இருப்பதும் ஒரு முழுமையான தொழில்தான். எனக்குத் தெரிந்த மிக மதிப்பான மனிதர்கள் சிலர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லைசென்ஸும் மார்ஷல் மேலுடுப்பும்

இந்திய மோட்டார் பந்தயங்களை நடத்தும் உரிமை எஃப்எம்எஸ்சிஐ அமைப்பிடம் இருக்கிறது. தலைமையிடம் சென்னை. அவர்களின் தளத்தில் போட்டியாளர் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். ஓட்டுநர் உரிமம், புகைப்படம், மருத்துவச் சான்று, ரத்த வகை விவரம் எல்லாம் தயாராக இருக்கட்டும். லைசென்ஸை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். நேவிகேட்டருக்கும் லைசென்ஸ் உண்டு. எந்தப் போட்டியாக இருந்தாலும் அதற்கு எஃப்எம்எஸ்சிஐ அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அனுமதி இல்லாத போட்டியில் ஆம்புலன்ஸும் இருக்காது, பொறுப்பாளரும் இருக்கமாட்டார்.

போட்டியாளராகும் முன்பு ஒரு ராலியிலாவது, பாதையோரம் நின்று கூட்டத்தைக் கவனிக்கும் மார்ஷலாக நில்லுங்கள். கோவையில் தேசிய ராலி நடக்கும்போது தொண்டர்கள் தேவைப்படுவார்கள். மதுரையிலிருந்து ஐந்து மணி நேர பஸ். மேலுடுப்பு, விசில், மதியச் சாப்பாடு தருவார்கள். ஒரு நாள் முழுக்க ஒரே வளைவில் நின்று முப்பது கார் போவதைப் பார்த்தால், எந்தக் கார் எங்கே பிரேக் பிடிக்கிறது என்று கண்ணுக்குப் பழகும். பத்து வீடியோவில் வராத பாடம் அது. பட்டறைக்காரர்கள், அணி மேலாளர்கள், ரோடு புக் எழுதுகிறவர்கள் என்று எல்லோரையும் அறிமுகம் செய்துகொள்வதும் அங்கேதான்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை லேசாக எடுக்காதீர்கள். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்க முடியும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாதை ஓரத்தில் நிற்பது நமக்குத் தப்பாகவே படாது. 2019-ல் ராஜஸ்தானின் பார்மேர் அருகே தேசிய ராலி நடந்தபோது, ஸ்டேஜுக்குள் வந்துவிட்ட ஒரு மோட்டார் சைக்கிளில் கார் மோதி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்லும் பையன் காக்கிறது உயிரைத்தான்.

மண்ணில் ஓட்டப் பழகுவது

சிறுமலையிலும் மேகமலையிலும் போடிமெட்டிலும் ராத்திரியில் "பிராக்டிஸ்" போகிறேன் என்று யாராவது சொன்னால் என் வாசலுக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிடுவேன். எதிரே மிளகு மூட்டையோடு ஜீப் வரும், பள்ளி வேன் வரும். மலைச்சாலையில் வேகம் காட்டுகிறவருக்கு ராலியில் இடம் கிடையாது. வளைவுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்த பாதையில்தான் ராலியே நடக்கிறது.

ஆட்டோகிராஸ் போங்கள். மைதானத்தில் கூம்புகள் வைத்து, ஒரு காரை மட்டும் அனுப்பி நேரம் பார்ப்பார்கள். உங்கள் வீட்டுக் காரே போதும், தரமான ஹெல்மெட் வேண்டும். கவிழும் ஆபத்து குறைவு, செலவும் குறைவு. தேசிய அளவில் இதற்கே சாம்பியன்ஷிப் இருக்கிறது. கிளம்பும் முன் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் பந்தயம், வேகச் சோதனை இரண்டுக்கும் பயன்படுத்தினால் பாதுகாப்பு இல்லை என்று எழுதியிருக்கும். சேதமானால் உங்கள் கைக்காசுதான். அப்பா பெயரில் இருக்கும் காரை எடுக்கும் முன் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பழகுவதற்கு மண் நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. அறுவடை முடிந்த, வேலி போட்ட சொந்த நிலமாகவோ, எழுத்தில் அனுமதி வாங்கிய நிலமாகவோ இருக்கட்டும். கண்மாய்க்குள் இறங்காதீர்கள், அது அரசு நிலம், ஆடு மாடு மேயும் இடம். மேலூர்ப் பக்கச் செம்மண்ணில் மேலே சரளை உருளும், அடியில் கெட்டித் தரை இருக்கும். டயர் முதலில் வழுக்கி, அப்புறம் பிடிக்கும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கக் கரிசல் காய்ந்தால் மாவுப் புழுதி, நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு கார் சொன்ன பேச்சைக் கேட்காது. இரண்டிலும் ஓட்டிப் பழகியவர் பாதி ராலி மண்ணைப் பார்த்துவிட்டார் என்றே சொல்வேன்.

முதலில் பிரேக்கை மட்டும் பழகுங்கள். நாற்பது வேகத்தில் நேராக வந்து, ஒரு குச்சி நட்ட இடத்தில் நிறுத்துங்கள். உருளும் மண்ணில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டால் டயருக்கு முன்னால் மண் குவிந்து அதுவே கட்டை போடும், ஏபிஎஸ் அந்தக் குவியலைச் சேரவிடாது. அடுத்து எடை மாற்றம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எடை முன் சக்கரத்துக்கு வந்து ஸ்டியரிங் கடிக்கும். முன்சக்கர இழுவைக் கார் வளைவில் திரும்பாமல் நேரே போக ஆரம்பித்தால், ஸ்டியரிங்கை இன்னும் முறுக்காமல், காலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். இதை நூறு தடவை செய்தால் கால் தானாகச் செய்யும். இடது காலால் பிரேக் பிடிப்பது, ஹேண்ட்பிரேக் போட்டுத் திருப்புவது எல்லாம் அதற்குப் பிறகு.

கார்

இந்த இடத்துக்கு வந்தபிறகும் வாங்காதீர்கள். போட்டிக்குத் தயாரான காரை ஒரு ராலிக்கு மட்டும் வாடகைக்குத் தரும் அணிகள் இருக்கின்றன. மெக்கானிக், டயர், சர்வீஸ் எல்லாம் அவர்களுடையது. சேதத்துக்கு முன்பணம் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் எது யார் செலவு என்று வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு மூன்று ராலி இப்படி ஓட்டினால் உங்களுக்கு உண்மையிலேயே என்ன கார் தேவை என்று புரியும்.

ஒரு நாள் சொந்தக் கார் கட்டினால், கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சர்வதேச விதிப்படி அது வெல்டிங் மூட்டு இல்லாத சீம்லெஸ் எஃகுக் குழாயில் செய்யப்படவேண்டும். இருக்கைக்குப் பின்னால் வரும் முதன்மை வளைவுக் குழாய் 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன், அல்லது 50-க்கு 2 இருக்கவேண்டும். என் நண்பர் ஒருவர் காசை மிச்சம் பிடிக்க, கேட்டும் கிரில்லும் செய்யும் ஒரு பட்டறையில் தண்ணிக் குழாயில் கேஜ் போட்டார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. போட்டிக்கு முந்தின நாள் பரிசோதனையில் அதிகாரி ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தக் காரை அன்றிரவே லாரியில் ஏற்றி மதுரைக்குத் திருப்பி அனுப்பினோம். அவமானம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அந்தக் கேஜோடு கார் உருண்டிருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

கேஜ் போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூட ஓட்டக்கூடாது, தலை இடித்தால் குழாய்தான். பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ், தீப்பிடிக்காத உடுப்பு, தீயணைப்பான் எல்லாவற்றிலும் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். ரோடு புக்கோடு பச்சை நிறத்தில் ஓகே, சிவப்பில் எஸ்ஓஎஸ் என்று ஒரு பலகை வரும். கார் கவிழ்ந்து நீங்கள் நலமாக இருந்தால் முதல் வேலை பச்சைப் பக்கத்தைப் பின்னால் வரும் காருக்குக் காட்டுவது. சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் ஐம்பது மீட்டர் தள்ளி வைப்பது அடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பலகையை எடுக்க முடிகிறதா என்று வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள்.

பணம்

யாரும் பிடிக்காத பேச்சு, ஆனால் ராலி டிரைவரின் வேலையில் பாதி இதுதான். பெரிய டயர் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதை விட, கப்பலூர் சிட்கோவில் ரப்பர் பாகம் செய்கிறவர், டவுன்ஹால் ரோட்டில் கடை வைத்திருக்கிறவர் ஆகியோரிடம் நேரில் போங்கள். "உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். அவருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: காரின் எந்தக் கதவில் எவ்வளவு பெரிய பெயர், சித்திரைத் திருவிழா சமயத்தில் அவர் கடை வாசலில் கார் எத்தனை நாள் நிற்கும், அவரின் டெலிவரிப் பையன்களுக்குப் பாதுகாப்பாக ஓட்டுவது பற்றி ஒரு நாள் வகுப்பு. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முதல் ஆதரவாளரைப் பெற்றுத் தந்தது. பருவம் முடிந்ததும் அவரிடம் வரவு செலவுக் கணக்கைப் படங்களோடு கொடுங்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்பதைவிட, கணக்குக் கொடுத்தோமா என்பதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் பணம் தருவார்கள்.

எப்படி மேலே போவது

தேசிய ராலி சாம்பியன்ஷிப் 1988 முதல் நடக்கிறது. இன்ஜின் அளவையும் மாற்றங்களையும் பொறுத்துப் பிரிவுகள் உண்டு. மாற்றம் குறைந்த சின்னப் பிரிவில் தொடங்குங்கள். முதல் பருவத்தில் ஒரே ஒரு இலக்கு வையுங்கள்: பதிவு செய்த எல்லா ராலியையும் முடிப்பது. வேகத்தைக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். முடிக்காதவரின் பெயர் முடிவுப் பட்டியலில் வராது, பட்டியலைத்தான் அணி மேலாளர்கள் பார்க்கிறார்கள். இரண்டாம் பருவத்தில் உங்கள் பிரிவின் வேகமான காரோடு ஒவ்வொரு ஸ்டேஜிலும் கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி இழக்கிறீர்கள் என்று அட்டவணை போடுங்கள். அந்த எண் குறைந்துகொண்டே வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். மேலாளர் ஒருவரிடம் இருக்கை கேட்கும்போது காட்டவேண்டிய காகிதமும் அதுதான்.

டெல்லிக்காரரான கௌரவ் கில் மோட்டார் சைக்கிளில் தொடங்கி, தேசியப் பட்டங்கள் வென்று, 2013-ல் ஆசிய பசிபிக் ராலி சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர். 2016-லும் 2017-லும் மறுபடி வென்றார். 2019-ல் அர்ஜுனா விருது கிடைத்தது, மோட்டார் பந்தயக்காரர் ஒருவருக்கு அது முதல் தடவை.

வயதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்வேன். பின்லாந்தின் காலே ரோவன்பெரா 2022-ல் 22 வயதில் உலகச் சாம்பியன். அவர் அப்பா உலக ராலி சாம்பியன்ஷிப்பில் ஒரு போட்டியை வென்றவர், பையன் சின்ன வயதிலேயே உறைந்த ஏரியில் கார் ஓட்டினான். அது நம் கதை இல்லை. பிரான்ஸின் செபாஸ்தியன் லோப் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர், எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர். இளைஞர்களுக்கான திறமைத் தேர்வு ஒன்றில் கலந்துகொண்டபோது அவருக்கு 21 வயது. பின்னாளில் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது உலகப் பட்டங்கள். கோரிப்பாளையத்தில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டே என்னிடம் வரும் தம்பிக்கு நான் இவரைத்தான் சொல்கிறேன்.

சரி, உங்கள் முதல் தேசிய ராலியின் காலைக்கு வருவோம். ஐந்து மணிக்கு எழுந்து, போட்டி அலுவலகத்தில் தொங்கும் அதிகாரபூர்வக் கடிகாரத்தோடு இரண்டு பேருடைய கைக்கடிகாரத்தையும் விநாடி சுத்தமாக ஒத்துவையுங்கள். நேர அட்டை நேவிகேட்டரின் மடியில் இருக்கட்டும், உபரிப் பென்சில் இரண்டு கதவுப் பையில். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தீக்காப்பு உடுப்புக்குள் வெயில் கொல்லும், சித்திரை வெயிலில் வளர்ந்தவர்கள் என்ற தைரியத்தில் இருந்துவிடாதீர்கள். முதல் டைம் கன்ட்ரோலின் மஞ்சள் பலகைக்கு முன்னாலேயே காரை நிறுத்துங்கள். உங்கள் நிமிஷத்துக்கு முந்தின நிமிஷம் பிறக்கும்வரை அந்தப் பலகையைத் தாண்டக்கூடாது. உங்கள் நிமிஷம் பிறந்ததும் நேவிகேட்டர் அட்டையை நீட்டுவார்.